அவர் குமிழைத் திருப்பினார்

என் கணவர் மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். 'முன் சக்கரப் பூட்டுகள் திருப்பப்படவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு.' வாகன ஆய்வாளர் அந்த ஒன்றரை வரியில் அவரை முடித்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலே எனக்குக் கண் உறுத்தும். இங்கே ஒரு மனிதரையே தப்பாக அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அந்த வண்டியில் நானும் இருந்தேன்.

மலை உச்சியில் இருந்த செல்போன் டவருக்கு டீசல் கேன்கள் ஏற்றிப்போகிற பழைய ஃபோர் வீல் டிரக் அது. சாதாரண ரோட்டில் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். சேறு வந்தால் முன் சக்கரங்களும் இழுக்க வேண்டும். புது வண்டியென்றால் உள்ளே உட்கார்ந்தபடியே கியரைப் போட்டால் போதும். இதில் அது நடக்காது. இறங்கிப் போய், இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் இருக்கிற குமிழை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குக் கையால் திருப்ப வேண்டும். அப்போதுதான் ஆக்சில் என்கிற அச்சுத்தண்டும் சக்கரமும் ஒன்றாகச் சேரும். அந்தக் குமிழோடு கூடிய உறுப்புக்கு ஹப் என்று பெயர்; ஆய்வாளர் பூட்டு என்று எழுதியது இதைத்தான்.

அன்று மழை விட்டிருந்தது, குளிர் விடவில்லை. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவர் இறங்கினார். தன் பக்கத்துக் குமிழைத் திருப்பிவிட்டு, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் ஜன்னலுக்கு நேர் கீழே குனிந்து திருப்பி, வழக்கம்போல உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"மகாராணி இறங்கி ஒரு பக்கம் திருப்பினா கிரீடம் விழுந்துடுமோ?"

"சேறு ஒட்டும்."

"எனக்கு மட்டும் சந்தனமா ஒட்டுது?"

பாதி ஏற்றத்தில் பின் சக்கரங்கள் வழுக்கிச் சுற்றின. "என்னடி இது, முன்னாடி இழுக்கவே மாட்டேங்குது" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். வண்டி பின்னோக்கிச் சரிந்தது. கதவு திறந்துகொண்டு நான் வெளியே விழுந்தேன். எனக்குத் தோள் எலும்பு உடைந்தது. அவர் வண்டியோடு போனார்.

மறுநாள் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வரப்பட்டது. ஆய்வாளர் வந்து பார்த்தபோது இரண்டு குமிழும் 'ஃப்ரீ'யில் இருந்தன. நான் கட்டுப்போட்ட தோளோடு அவர் அலுவலகத்துக்குப் போனேன். திருப்பியதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, "பொண்டாட்டி வேற எப்படிம்மா சொல்லுவா?" என்றார்.

ஒர்க்‌ஷாப் என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தியது. தம்பி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். என் மகளின் தலையைத் தடவுவார். "விடுங்க அண்ணி. அண்ணன் பாவம், ஏதோ அவசரத்துல விட்டுட்டாரு. மனுஷன்தானே" என்பார். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, என் கணவரை மன்னித்துவிட்டுப் போவார். ஒருநாள் அவர் போன பிறகு மகள் கேட்டாள், "அப்பா ஏம்மா மறந்தாங்க?" அவளுக்குப் பத்து வயது. கையிலிருந்த பாத்திரத்தைச் சுவரில் அடித்தேன். அவள் பயந்து அறைக்குள் ஓடினாள். அந்தக் கோபமும் சேர்ந்து என் கணக்கில்தான் விழுந்தது.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. குளிரான ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய பழைய சட்டைகளை எடுத்துவர ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தம்பி எங்கோ வெளியே போயிருந்தார். பக்கத்துக் கடைசல் பட்டறை லேத்துக்காரர் மட்டும் இருந்தார். உடைந்த டிரக்கின் முன் ஆக்சிலைக் கழற்றி, சக்கரங்களோடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். வேறு ஒரு வண்டிக்கு மாட்டப் போகிறார்களாம்.

"ஹப் மட்டும் புதுசு போடுறாருக்கா. இது ரெண்டும் பழைய இரும்புக்குப் போகுது" என்றார் லேத்துக்காரர். பேச்சை விடுகிற ஆளில்லை அவர். "அன்னைக்கு இதை இழுத்துட்டு வர நாங்க பட்ட பாடு இருக்கே. நான் கயிறு கட்டிட்டு இழுங்கடான்னு கத்துறேன், உங்க கொழுந்தன் சேத்துல முட்டி போட்டு ரெண்டு குமிழையும் ஃப்ரீ பண்ணிட்டுத்தான் விட்டாரு. லாக்ல வச்சு இழுத்தா உள்ள பல்லு போயிடுமாம். அந்த நேரத்துலயும் தொழில் சுத்தம் பாருங்க."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். லேத்துக்காரர் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினார்.

லாக்கில் இருந்திருக்கிறது. அப்படியென்றால் ஏன் இழுக்கவில்லை?

எழுந்து போய் இடது பக்கக் குமிழை 'லாக்'குக்குத் திருப்பினேன். இந்த ஹப்பைப் புதிதாக மாட்டிய நாளில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது வரவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சக்கரம் சுற்றியது, ஆக்சில் அசையவில்லை. குமிழ் லாக் என்கிறது, உள்ளே லாக் ஆகவில்லை.

அந்த ஹப்புகளை மாட்டிய நாளில் நான்தான் பெட்டியில் இருந்த தாளைப் படித்துத் தமிழில் சொன்னேன். உள்ளே கிரீஸை லேசாகப் பூசினால் போதும், அடைக்கக் கூடாது, அடைத்தால் குளிரில் இறுகி உள்வளையம் நகராது என்று அதில் இருந்தது. தம்பி அன்று சிரித்தார். "இதை எழுதினவன் என்னைக்காவது ஆத்துல வண்டியை இறக்கியிருப்பானா அண்ணி? தண்ணி உள்ள போனா இவன் வந்தா துடைப்பான்?" என் கணவர், "டேய், அவகிட்ட வாயைக் கொடுக்காத. உன் பேச்சுலயே நாலு பிழை கண்டுபிடிப்பா" என்றார். அன்று லேசாகத்தான் பூசினார்கள். நான் பார்த்தேன்.

கருவிப் பலகையில் சரியான ஸ்பேனரைத் தேடி எடுத்து, மூடியின் ஆறு போல்ட்டையும் கழற்றினேன். மூடியை இழுத்ததும் வரவில்லை. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே விளிம்புவரை கிரீஸ். வழித்து அடைத்த கிரீஸில் விரல் தடம்கூட அப்படியே இருந்தது. வளையம் நடுவில் புதைந்து கிடந்தது.

அப்போது தம்பி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். ஹப்பைப் பார்த்தார். மேஜையிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். துடைக்கத்தான். அவர் கையிலிருந்து துணியைத் தட்டிவிட்டேன்.

"தொடாத."

அதுவரை நான் அவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"அண்ணி, அதுக்கு முன்னாடி ஒருதடவை ஆத்தைத் தாண்டி வந்தப்போ உள்ள தண்ணி இருந்துச்சு. துருப்பிடிச்சிடும்னுதான்… இன்னும் நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சேன். அண்ணன் வண்டிக்குக் கெடுதல் நினைப்பேனா?"

"அவர்கிட்ட சொன்னியா?"

அவர் கீழே விழுந்த துணியை எடுத்து மடித்தார்.

"ஃப்ரீயில திருப்பினது நீதானே?"

"இழுக்கும்போது எப்பவும் திருப்புறதுதான் அண்ணி. பழக்கம். வேணும்னு செய்யல."

"சரி. கை பழக்கத்துல திருப்புச்சு. மறுநாள் அந்த ஆள் பேனாவை எடுத்தப்போ உன் வாயை எந்தப் பழக்கம் மூடுச்சு?"

அவர் அழத் தொடங்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், வரவில்லை. "ஒர்க்‌ஷாப் பேரு போயிடும்னு பயந்துட்டேன்" என்றார்.

"அதனால அவர் பேரை எடுத்துக்கிட்ட. எட்டு மாசமா என் வீட்டுக்கு வந்து என் பொண்ணு தலையைத் தடவின கை இதுதானே?"

லேத்துக்காரர் தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றிருந்தார்.

"மூடியை மாட்டு. கிரீஸ் ஒரு சொட்டுக்கூடக் குறையக் கூடாது. ரெண்டு ஹப்பையும் கழட்டி ஒரு டப்பாவுல வை. திங்கக்கிழமை காலையில நீயே தூக்கிட்டு வா."

வந்தார். ஆய்வாளரின் மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, தன் கையால் மூடியைத் திறந்து காட்டினார். "கிரீஸை அடைச்சது நான். ஃப்ரீயில திருப்பினதும் நான். அண்ணன் லாக் போட்டுத்தான் ஏறியிருக்காரு" என்று லேத்துக்காரர் முன்னிலையில் சொன்னார். ஆய்வாளர் என் பக்கம் திரும்பவில்லை. பழைய வரியை அடித்துப் புது வரி எழுதினார். 'பூட்டுகளை ஓட்டுனர் திருப்பியுள்ளார்.' ஓட்டுநர் என்று திருத்தச் சொன்னேன். முறைத்துக்கொண்டே திருத்தினார்.

அதன் நகலை மகளிடம் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

கொழுந்தன் இன்னும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறார். என் வீட்டுக்கு வருவதில்லை. ஃபோர் வீல் வண்டி எது வேலை முடிந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புவார். நான் போய் நிற்பேன். அவர் முட்டி போட்டுக் குமிழைத் திருப்புவார். 'டக்' என்று கேட்கும். சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவார், ஆக்சிலும் கூடவே சுற்றும். பிறகு அண்ணாந்து என்னைப் பார்ப்பார். நான் ஆக்சிலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.