மேற்கே எழும்பும் மேகம்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம், மழை எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்ற மாபெரும் கேள்விக்கு, திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில் முடிவான தீர்ப்பு வழங்கப்பட்டது. வழங்கியவர் உபதேசியார் ராயப்பன்.

மேற்கே மேகம் எழும்பினால் மழை என்று சுவிசேஷத்தில் இருக்கிறது. மேகம் என்றால் கிருபை, மேற்கு அது வரும் வாசல், கீழ்க்காற்று பிசாசின் மிரட்டல் என்று கோயில் முற்றத்தில் தினமும் விளக்கிக்கொண்டிருந்தார். ஆண்டவர் பேசிய நாட்டில் கடல் மேற்கே இருந்தது. எங்களுக்குக் கிழக்கே, மரக்காணத்தில். இந்தச் சில்லறை விஷயம் உபதேசியாரின் ஞானத்துக்கு எட்டவில்லை.

அதே முற்றத்தில்தான் சவுரியம்மாளின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. அதை விற்றால்தான் தை மாதம் மகள் இருதயமேரிக்குக் கல்யாணம்.

அன்று மத்தியானம் காற்று நின்றுபோனது. புளியமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. காக்கைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கிழக்கே வானம் அடிப்பிடித்த சட்டிபோல் கறுத்துக்கொண்டே வந்தது. பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது.

சவுரியம்மாள் சாக்கோடு எழுந்தாள்.

“எங்க எழுந்துக்கினு போற?” என்றார் உபதேசியார்.

“கிழக்க இருட்டிக்கினு வருதுங்க. வாரி வெச்சிட்டு வந்துடறேன்.”

“மேற்க பாரு. மேகம் இருக்குதா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன? இத்தினி பேரு எதிர்ல வேதத்தைப் பொய்யின்றியா? உன் மவளுக்கு ஓலை வாசிக்கச் சொல்லி பங்குச் சாமியார்கிட்ட நான்தானே போய் நிக்கணும்?”

கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்காமல் அங்கே தாலி ஏறாது.

வேலிக்கு அப்பால் மாட்டுவண்டியை நிறுத்தினான் பக்கத்துக் கொல்லைக்காரன் தேவநாதன். “ஏன் உபதேசியாரே, உங்க வேதம் மரக்காணம் பக்கம் வந்ததே இல்லியா? யக்கா, ஜல்தியா வாரு. நான் சாக்கு புடிக்கிறேன்.”

“அஞ்ஞானி பேச்சைக் கேக்காத,” என்றார் உபதேசியார்.

சவுரியம்மாள் கிழக்கே பார்த்தாள். மகளைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

முதல் துளி வேதபுத்தகத்தின்மேல் விழுந்தது. உபதேசியார் அதை ஜிப்பாவுக்குள் மறைத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினார். மல்லாட்டையில் பாதி வாய்க்காலோடு போனது. மீதியைத் தாயும் மகளும் நனைந்தபடியே வாரிக் கட்டி வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை.

வெயில் வந்து சாக்கை அவிழ்த்தால், ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை. உபதேசியார் வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. விதை செத்தால்தான் பலன், இது உயிர்த்தெழுதலின் அடையாளம் என்று ஊரைக் கூட்டி விளக்கினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முளைத்த மல்லாட்டையை மண்டியில் யாரும் வாங்குவதில்லை.