ஜன்னல் கம்பியில் கட்டிய சடை

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. இலையில் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "நாலு சாத்து சாத்துனாத் தன்னால அடங்கும். எங்க காலத்துல இதுக்கெல்லாம் ஏது டாக்டர்?" பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அவருடைய அந்தக் காலத்தைத்தான் எழுதப்போகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம்.

2

முதல் ஆரம்பம்: 'ஏற்காட்டு மலையில் அன்று பனி இறங்கி...'

(அடித்துவிட்டேன். பனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

இரண்டாவது: 1986. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவள் இன்பமேரி. ஒரே மகள் ஜெசிந்தா, நான்காம் வகுப்பு. கணக்குக் கேட்டால் பட்டென்று பதில் வரும். ஆனால் கேட்டு முடிக்கும்வரை உட்கார மாட்டாள். சிலேட்டை மறப்பாள், செருப்பை மறப்பாள், சொல்லிக்கொண்டிருக்கும் பேச்சையே பாதியில்—

மகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது சேலத்து டாக்டரம்மா போன வாரம்தான் சொன்னார்: "புத்திக் குறைவும் இல்ல, திமிரும் இல்ல. கவனம் ஒரு எடத்துல நிக்காது, பிறவியே அப்படி. அடிக்காதீங்க. ஒரு நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுங்க. நடுநடுவே எந்திரிச்சு நடக்க விடுங்க. குடும்பத்துல வேற யாராச்சும் இப்படி உண்டா?"

அடுப்பில் வைத்ததை மறந்து இன்பமேரி வாங்கிய அடியெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"நான்தானுங்க. இத்தன வருசமாக் கிறுக்கச்சின்னாங்க. ஒருத்தரும் இதச் சொல்லலியேங்க!"

(டாக்டரம்மாவின் ஆறுதலை எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.)

3

இன்பமேரி தானாகக் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. காலையில் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொள்வாள். வேலை முடிந்ததும் ஒன்றை எறிவாள். அன்று மகளின் சோற்றுத் தூக்குக்குக் கல் போட மறந்துபோனாள். தூக்கு வீட்டிலேயே கிடந்தது. மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

ஜெசிந்தாவின் இரட்டைச் சடையையும் ரிப்பனோடு சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். பிள்ளையால் தலையைத் திருப்ப முடியவில்லை. வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, எம்புள்ள என்ன மாடுங்களா?"

பெரியநாயகம் வாத்தியார் நிமிரவே இல்லை. "ஒரு நாளாச்சும் உக்காந்திருக்குதா? இப்பப் பாரு, உக்காந்திருக்கு."

"நடக்க உட்டா நொம்ப நல்லாப் படிப்பாளுங்க. ஊட்ல நடந்துக்கிட்டேதான் வாய்ப்பாடு சொல்லுறா. டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்க."

"இது நடக்கற எடமில்ல. கட்ட அவுத்தீன்னா அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிரு. நாளைக்கு வர வேண்டாம்."

(நடந்து போகும் தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.)

4

பெரியநாயகத்தை அரக்கனாக்கிப் பார்த்தேன், ஆகவில்லை. ஒரே அறையில் ஐந்து வகுப்பு, ஒற்றை ஆள். பாவம்தான். அதற்காக ஒரு பிள்ளையின் தலையைக் கம்பியில் கட்டுவதா? மன்னிக்க மாட்டேன். என் கதை, என் இஷ்டம்.

முடிவு அ: வாத்தியார் மனம் திருந்தி, கண் கலங்கி... (பச்சைப் பொய். கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: தாய் கட்டை அவிழ்த்துக் கூட்டிப் போகிறாள். அடுத்த வருசம் ஜெசிந்தா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். பழத்தோடு பச்சைக் காயையும் பறித்துவிட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறாள். (நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: உங்களுடையது.

அவிழ்த்தால் படிப்பு போகும், அவிழ்க்காவிட்டால் பிள்ளையே போய்விடும் என்று இன்பமேரி வாசலில் நிற்கிறாள். வாத்தியார் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பலாம். வகுப்பு மொத்தத்தையும் அனுப்ப முடியாது. நீங்கள் அந்த வகுப்பில்தான் இருக்கிறீர்கள், ஜன்னலோரத்தில், கம்பி கைக்கு எட்டும் தூரத்தில். சற்று முன்பு சிரித்தவர்களில் நீங்களும் ஒருவர். ஜெசிந்தாவால் திரும்பி உங்களைப் பார்க்க முடியாது.

எழுந்திருங்கள்.