ஐந்தாம் நம்பர் லீவர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே போர்வைக்குள் கிடக்கும். பல் டாக்டர் மட்டும் அடுத்த ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பழைய சிக்னல் கேபினின் மரப்படிகளில் ஏறிக்கொண்டிருப்பாள். அந்தப் பாதையில் ரயில் நின்று பல வருஷமாகிறது. கேபினையாவது காப்பாற்றுவோம் என்று தானாகச் சேர்ந்த கூட்டம் அது. சம்பளம் கிடையாது, முதுகுவலி உண்டு. கிளினிக்கில் கழித்துப்போட்ட கொக்கியால் லீவர்களின் இடுக்குத் துருவைச் சுரண்டுவது அவள் வேலை.

“டாக்டரம்மா, மரத்துப்போற ஊசியைப் போட்டுட்டு நோண்டுங்க, பாவம்,” என்பார் கூட வேலை செய்யும் வெல்டர்.

சிரித்துவைப்பாள். அங்கே கடைசியாக வேலை பார்த்தவரின் மகள்தான் தான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளக்கூடிய பெருமையா அது?

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு பனிக்காலையில், எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் கேபின் வாசலில் முட்டிக்கொண்டன. ஒரு டிரைவருக்குக் கால் போயிற்று. இரண்டு பக்கக் கைகாட்டியும் இறங்கி வழிவிட்டிருந்தன என்று அவர் சாதித்தார். “ரெண்டையும் சேத்து இறக்க முடியாதுங்க, அது விடாது,” என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். படியேறி வந்து ஒரு தடவை இழுத்துப் பார்க்க, விசாரிக்க வந்த பெரிய மனிதர்களுக்கு நேரமில்லை. வேலை போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? தூங்குமூஞ்சி என்றது. குடும்பம் ஊரைவிட்டே போயிற்று. பதினாறு வயதில் அவளும் ஒருநாள், “பொய் சொல்லாதீங்கப்பா,” என்று கத்திவிட்டாள். அதன்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்று அவள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். கேபின் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

இந்த ஞாயிறு, கழற்றித் துருவெடுத்த எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்திருந்தார்கள். தரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள். ஒரு லீவரை இழுத்தால் சட்டத்தில் இருக்கும் ஆப்பு நகர்ந்து எதிர் லீவரின் காடிப் பள்ளத்தில் விழுந்து பூட்டிவிட வேண்டும். அப்பா சொன்ன ‘விடாது’ அதுதான்.

அவள் இரண்டாம் நம்பரை இழுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மேற்குக் கைகாட்டி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் நம்பரைத் தொட்டாள். அது வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது. கிழக்குக் கைகாட்டியும் இறங்கி நின்றது.

கூட்டத்தில் இன்னொருவரான கணக்கு டீச்சர், எல்லாம் ஓடுகிறதே என்று கைதட்டினார். டாக்டர் இரண்டு கைகாட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியானால் அப்பா சொன்னது பொய்யா?

ஆனால் வாயைத் திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. டார்ச்சையும் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தரைக்கடியில் நுழைந்தாள். எதிர்ப் பல் இருக்கும் பக்கம்தான் பல் தேயும். இங்கே ஒரு ஆப்பு, எதுவும் படாத வெளிப்பக்கத்தில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

“இதை யார் மாட்டினது?”

“நான்தான்,” என்றார் டீச்சர் மேலிருந்து. “அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. வர்றவங்க பாக்கட்டுமேன்னு வெளிய தெரியற மாதிரி திருப்பி வச்சேன். ஏன், தப்பா?”

“தேய்ஞ்ச பக்கம்தான் உள்ள இருக்கணும்,” என்றாள் டாக்டர். வெல்டர் லீவர்களைப் பழையபடி தள்ளிவிட்டு, ஆப்பைக் கழற்றித் திருப்பி மாட்டினார். அவள் மேலே ஓடினாள். இரண்டை இழுத்தாள். அடியில் ‘டக்’ என்று ஏதோ விழுந்தது. ஐந்தை இழுத்தாள்.

அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். வெல்டர் வந்து, தன் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கிப் பார்த்தார். “யப்பா! யானை வந்தாலும் நடக்காது,” என்று விலகினார்.

அவள் மறுபடியும் அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டாள். லீவர் இழுக்கிறவனுக்கும் கண் சொருகும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கை தடுமாறும் என்று என்றோ யாரோ யோசித்திருக்கிறார். மனிதன் தவறினாலும் இரும்பு தவறாதிருக்க வழிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். கரண்டு இல்லை, கவனிக்க ஆளில்லை. இத்தனை வருஷம் இருட்டில் கிடந்தும் அது சொன்ன சொல் மாறவில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

“எங்கப்பாதான் இங்க கடைசி ஆள்,” என்றாள். அவள் போனை எடுத்தாள்.

“அப்பா, கேபின்ல இருக்கேன். ரெண்டை இறக்கிட்டு அஞ்சை இழுத்தேன். விடலைப்பா.”

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது; அப்பா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“விடாதும்மா,” என்றார்.

“அன்னிக்கு நான் உங்களை…” அவள் முடிப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார்.

“துணி வச்சுத்தானே பிடிச்சே? வெறுங்கை பட்டா வேர்வையில துருவேறிடும்.”

அவள் லீவரைப் பார்த்தாள். பளபளத்த பிடியில் அவள் விரல்கள் ஐந்தும் ஈரமாகப் பதிந்திருந்தன.

“இல்லப்பா, வெறுங்கைதான்.”

“சரி, தொடச்சு வை,” என்றார் அப்பா. “சட்டையை மாத்திட்டு நான் வர்றேன்.”