வியென் சாப்பிட மறுத்த ஃபோ

வியெனின் முதல் வருஷத் திதியன்று சைகோன் வீட்டில் எல்லாரும் பட்டினி கிடந்தார்கள். பூஜை மாடத்தில் படமாக உட்கார்ந்திருந்த வியென் சாப்பிட மறுத்ததுதான் காரணம். இரண்டு காசுகளைத் தட்டில் போட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று செத்தவரிடம் கேட்க வேண்டும். ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் ஆச்சு என்று பொருள். அப்புறம்தான் மற்றவர்கள் வாயில் எதையும் வைக்கலாம். அவர் மனைவி லோவான் எத்தனை முறை போட்டாலும் இரண்டும் தலையாகவே விழுந்தன.

படைத்திருந்தது அவர் பிறந்த ஊரான ஹனோயின் ஃபோ. தெளிந்த மாட்டெலும்புச் சாறு, அரிசி நூடுல்ஸ், இறைச்சி, வெங்காயத்தாள், அவ்வளவுதான். சைகோனில் பிறந்த லோவானுக்கு, பயறு முளையும் திருநீற்றுப்பச்சிலையும் கறுப்பு இனிப்புச் சாஸும் இல்லாத ஃபோ பத்தியச் சாப்பாடு. ஆனாலும் கல்யாணமான நாள்முதல் அதையே ஆக்கினாள், அதையே தின்றாள். "இந்த வீட்டுக்குள்ள முளை நுழைஞ்சா நான் வெளிய போயிடுவேன்" என்று வியென் சொல்லியிருந்தார். ஒரு மனுஷனுக்காக நாக்கைக் கட்டிப்போடுவது லேசுப்பட்ட காரியமா? இன்றைக்காவது அவர் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும் என்று லோவான் தவியாய்த் தவித்தாள்.

"உங்க சைகோன் பழக்கத்துல சாறுல கற்கண்டு போட்டீங்களா அண்ணி?" ஹனோயிலிருந்து வந்திருந்த கொழுந்தன் கியெம் மோப்பம் பிடித்தார். "செத்தாலும் அண்ணன் நாக்கை ஏமாத்த முடியாது."

"ஒரு துண்டுகூடப் போடல தம்பி. வேணா குடிச்சுப் பாருங்க."

"அவர் சாப்பிடாம நான் எப்படிக் குடிக்கிறது?"

நூடுல்ஸ் ஊறி விரல் தடிமனாகிவிட்டது. கியெம் தன் கையாலேயே புதுக் கிண்ணம் ஒன்று தயார் செய்து வைத்தார். அதுவும் வேண்டாமாம். பசி தாங்காத மகள் லாம், தெருமுனைக் கடைக்குப் போய், முளையும் இலையும் மிதக்க, சாஸ் பிழிந்த சைகோன் ஃபோவை வாங்கி வந்து படத்தின் முன் வைத்தாள்.

"அடியே, உங்கப்பா எந்திரிச்சு வந்து உதைப்பாரு!"

"வரட்டும்மா. என்னதான் வேணும்னு நேராவே கேட்டுடலாம்."

லோவான் காசைப் போட்டாள். ஒன்று பூ, ஒன்று தலை.

"இது எங்கண்ணன் இல்ல!" கியெம் துள்ளி எழுந்தார். "வழி தவறி வந்த உள்ளூர்ப் பேய்! யாருடா நீ? எந்திரிடா!"

லோவான் படத்தையே பார்த்தாள். "ஏங்க, நீங்கதானா?"

ஒன்று பூ, ஒன்று தலை.

"காலையில வாக்கிங்னு கிளம்புவீங்களே, அந்தக் கடைக்கா?"

ஒன்று பூ, ஒன்று தலை.

"சாஸ் ஊத்தியா?"

காசுகள் வெகுநேரம் சுழன்றன. ஒன்று பூ, ஒன்று தலை.

"சித்தப்பா, உள்ளூர்ப் பேய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள் லாம்.

லோவானுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. சைகோன் கிண்ணத்தை மாடத்திலிருந்து எடுத்தாள். ஊறிப்போன ஹனோய் கிண்ணத்தை அந்த இடத்தில் ணங்கென்று வைத்தாள். படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முளையைக் கிளறி, உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள்.

"தின்னுய்யா" என்றாள். "இத்தனை வருஷம் நான் தின்னேன்ல?"

கியெம் காசுகளை எடுக்கக் கை நீட்டினார்.

"கீழ வைங்க தம்பி. இனிமே அவரைக் கேக்க வேண்டாம். எல்லாரும் சாப்பிடுங்க."