பெட்டியைத் தூக்க வந்தவர்

அண்ணனின் சட்டைக் காலர் பொத்தான் துளைக்குள் நுழைய மறுத்தது. அவள் மறுபடியும் முயன்றபோது அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

"விட்டுரு பாப்பா. அவருக்கு அது எப்பவுமே பிடிக்காது. ஆபீஸ் போய் இறங்கினதும் முதல் வேலையா அதைத்தான் கழட்டுவார்."

பாப்பாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நேரமே கிடைக்காத முதலாளிகளையும் மேலாளர்களையும் அரை நாள் பிடித்து உட்காரவைத்து, ரத்தம் எடுத்து, இதயத்தைப் பார்த்து, நோய் முற்றுமுன் சொல்லி அனுப்பும் மருத்துவமனைப் பிரிவுக்கு அவள்தான் தலைமை டாக்டர். அண்ணன் தன் கம்பெனி ஆட்களை, காவலாளி உட்பட, வருஷம் தவறாமல் அவளிடம் அனுப்பினார். தான் மட்டும் "அப்புறம்" என்றே தள்ளிப்போட்டார். "நான் வந்து படுத்தா நீ ஏதாவது கண்டுபிடிச்சிருவே. கண்டுபிடிக்கிறதுதானே உன் வேலை" என்று சிரிப்பார். நேற்று ஒரு கூட்டம் முடிந்து நாற்காலியை விட்டு எழுந்தவர், அப்படியே சரிந்துவிட்டார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சவப்பெட்டியை மூடுகிறவர்கள் ஓரமாகக் காத்திருந்தார்கள்.

முன்பக்கம் தூக்க வேண்டியவர் பங்காளி. ரத்த உறவு கிடையாது. தொழிலில் பாதிப் பங்கு, அவ்வளவுதான். அண்ணன் கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துப்போய், பிள்ளைகளுக்கும் அவர் சித்தப்பா ஆகிவிட்டார். நேற்றிலிருந்து எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தவர் இப்போது சுவரில் சாய்ந்து நின்றார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது. இடது கையை நீவிக்கொண்டிருந்தார்.

பாப்பா அருகில் போனாள். "எப்போலேர்ந்து?"

"எது?"

"வலி."

"வலியெல்லாம் இல்ல. காலையிலேர்ந்து நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி. சாப்பிடல இல்லையா, வாயுவா இருக்கும்."

அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி அவள் விரலுக்கடியில் தட்டுத்தடுமாறியது.

"கார்ல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்பவா? அவனைத் தூக்கி வச்சுட்டு அப்புறம் வர்றேன்."

"அப்புறம்னு சொன்னவரைத்தான் அங்க படுக்க வச்சிருக்கோம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ அவன் தங்கச்சி. நீ எப்படி வருவ? டிரைவர் கூட்டிட்டுப் போகட்டும்."

தனியாக அனுப்பினால் தெருமுனையிலேயே காரைத் திருப்பச் சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். பங்காளியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீயே கூட்டிட்டுப் போ. இவரைப் பார்த்துக்க நாங்க இருக்கோம்."

"அண்ணி, நான் திரும்பி வர்றதுக்குள்ள…"

"ஆமா. எடுத்துருவாங்க." அண்ணி அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பு."

பாப்பா அண்ணன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வாயில் வந்தது வழக்கமானதுதான்.

"போயிட்டு வர்றேண்ணே."

காரில் தன் கைப்பையிலிருந்த ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். போகிற வழியிலேயே போன் செய்து எல்லாவற்றையும் தயாராக வைக்கச் சொன்னாள். பங்காளி கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி வந்தார்.

பிற்பகலில் அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. "முடிஞ்சுது பாப்பா. அவர் எப்படி இருக்கார்?"

"அடைப்பை எடுத்தாச்சு. தூங்குறார்."

"சரி."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பெட்டியை யார் யார் எங்கே பிடித்தார்கள் என்று அண்ணி சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

வெயில் தாழ்ந்தபோது பங்காளி கண் திறந்தார்.

"போயிட்டானா?"

"ம்."

"முன்னாடி யாரு பிடிச்சா?"

"அண்ணிதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். "அவன் கனமாச்சே" என்றார்.

பாப்பா குனிந்தாள். அவசரத்தில் யாரோ கழற்றிப்போட்ட அவருடைய ஷூக்கள் கட்டிலுக்கடியில் மூலைக்கொன்றாகக் கிடந்தன. அவற்றை எடுத்து, ஜோடி சேர்த்து, முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.