மஞ்சள் மாத்திரை தோற்ற கதை

எழுபத்தொன்பதில் எங்கள் சேவூர் நெசவாளர் தெருவுக்கு மூட்டுவலி ஆராய்ச்சி செய்ய டாக்டர் வீரபாகு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் நடுத்தெருவில் நாற்காலி போட்டுத்தான் கேட்பார். எல்லாம் அதில் வந்த வினை.

அவர் பையில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு வகை மாத்திரை. வாரம் ஒருவருக்குத்தான் தருவார்.

"முதல் ஆளுக்கு மஞ்சள். குணமானா அடுத்த ஆளுக்கும் அதே. ஆகலன்னா அடுத்த ஆளுக்கு வெள்ளை. எது ஜெயிச்சுகினே வருதோ, கடைசியில தெரு முழுக்க அதான்," என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

முதல் ஆள் நான், சுப்பராயலு. அடுத்து என் மனைவி கிருஷ்ணம்மாள். தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பாள். வலி தீராவிட்டால் அவள் தறியை விட வேண்டியதுதான்.

மஞ்சள் மாத்திரை நான்கே நாளில் என் முழங்காலைச் சரியாக்கிவிட்டது. வாரம் முடிந்து டாக்டர் கேட்டபோது எதிர்வீட்டுப் பரசுராமன் பக்கத்திலேயே நின்றான். அவன் எதிரில் ஒருமுறை 'தறியில பாவு நல்லா ஓடுது' என்று சொன்னேன்; மறுநாளே பாவில் ஐம்பது இழை அறுந்தது. கண்ணு படும் என்று தெரிந்தும் எவன் வாயைத் திறப்பான்?

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. அப்படியேதான் இருக்குது," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டு கிருஷ்ணம்மாளிடம் வெள்ளையை நீட்டினார். என் பொய்யால் அவளுக்கு மஞ்சள் கிடைக்காமல் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரசுராமனோ நகர்வதாக இல்லை.

வெள்ளையால் அவளுக்கு எள்ளளவும் பலனில்லை. ஆனால் டாக்டர் கேட்டதும், "நல்லா இருக்குதுங்க," என்றாள்.

உள்ளே வந்ததும், "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று பாய்ந்தேன்.

"அவ்ளோ தூரம் பஸ் ஏறி வராரு. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அடுத்த எட்டுப் பேரும் அவளைப் போலவே மரியாதை தெரிந்தவர்கள். வெள்ளை ஒன்பது முறை ஜெயித்தது.

தெரு முழுக்கத் தருவதற்கு டாக்டர் வெள்ளை டப்பாக்களோடு வந்த அன்று, படுகிற கண் படட்டும் என்று துணிந்தேன். பரசுராமன் காதுபடவே சொன்னேன்: "மஞ்சள்தாங்க மருந்து. எனக்கு வலியே நின்னுபோச்சு. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். இவளுக்கு அதக் குடுங்க."

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "மஞ்சளுக்கு ஒரே ஆளு, அதுவும் தோல்வி. வெள்ளைக்கு ஒம்பது பேரு, ஒருத்தர்கூட குறை சொல்லல. ஏம்மா, நீங்களே சொல்லுங்க, வலி எப்படி இருக்குது?"

சொல்லடி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என்னையும் பார்த்தாள், வெயிலில் வேர்த்துக் கிடந்த டாக்டரையும் பார்த்தாள்.

"இவரு எப்பவும் இப்படித்தாங்க, ஏதாச்சும் பேசிகினே இருப்பாரு. எனக்கு நல்லா இருக்குதுங்க."

டாக்டர் கொடுத்த டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். படியேறச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்ததால், அதை என்னிடம் கொடுத்தாள்.