கார் நிறுத்துமிடத்தில் ஒரு விமானந்தாங்கி

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இறங்கிய போர் விமானத்தை, அது நிற்க வேண்டிய இடத்துக்கு வழிகாட்டிக் கொண்டுபோவது என் வேலை. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நான் கையை ஆட்டினால் விமானம் நகரும், மடக்கினால் நிற்கும். விமானிக்குத் தன் மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது. என் கை சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு. கேட்கவே கம்பீரமாக இருக்கிறதல்லவா? ஒரே ஒரு சின்னக் குறை. எங்களிடம் கப்பல் இல்லை. விமானமும் இல்லை.

கப்பல் கட்டும் இடத்தில் முதலில் இரும்புத் தகடு தாமதம். தகடு வந்ததும் கேபிள் தாமதம். கேபிளையெல்லாம் இழுத்து முடித்த பிறகு அளவு தப்பு என்று கண்டுபிடித்து, அத்தனையையும் மறுபடி உருவினார்கள். ஒருவழியாகக் கப்பல் தேறிவரும்போது, விமானங்களின் இஞ்சினில் கோளாறு என்றார்கள்.

இந்தச் செய்திகளையெல்லாம் எனக்குச் சுடச்சுடக் கொண்டுவருபவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கப்பல் கட்டுகிற இடத்தில் எந்த வேலை எப்போது முடியும் என்று அட்டவணை போடுவது அவன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான்.

"மாமா, இந்தத் தடவ கன்ஃபார்ம். மழைக்கு முன்னாடி முடிச்சிடுவோம்."

"எந்த வருஷத்து மழைக்குடா?"

"அதெல்லாம் மேல இருக்கிறவங்க சொல்லணும். அக்கா, இன்னும் கொஞ்சம் போடேன்."

கப்பல் வரும்வரை நாங்கள் சும்மா உட்கார்ந்து துருப்பிடிக்கக் கூடாதென்று, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்திலேயே மேல்தளத்தின் ஒரு பகுதியை அசல் அளவில் பெயிண்டால் வரைந்து கொடுத்தார்கள். சாமான் தள்ளுகிற வண்டிக்கு இரண்டு பக்கமும் பிளைவுட் இறக்கை வைத்தால் விமானம். விமானி, மெஸ் சமையல்காரர்; அந்த நேரத்தில் அவர் ஒருவருக்குத்தான் வேலை இருக்காது. விமானத்தைத் தள்ளிக் கட்டிவைக்கும் நீலச் சட்டைக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள், இருவர் இறக்கை நுனிகளைக் காவல் காத்தபடி கூடவே நடப்பார்கள். நான் முன்னால் நின்று, ஏதோ ஆயிரம் டன்னைக் கட்டி இழுப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவேன்.

பாதையின் நட்டநடுவில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதைப் பிடுங்கித் தரச் சொல்லி மின்சாரப் பிரிவுக்குப் போனேன். "கப்பல் வர்ற வரைக்கும்தானே சார், கொஞ்ச நாள் சுத்திப் போங்க" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாளே இடது இறக்கை கம்பத்தில் மோதி முறிந்தது. வண்டி சாய்ந்து சமையல்காரர் உருண்டார். "அடுப்பே தேவல சாமி" என்று எழுந்து போனவரைக் கையைக் காலைப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி இதையெல்லாம் பார்த்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் ஷூ மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வரும்: "கம்பத்துல இடிக்காம வாங்க."

வருடங்கள் போயின. தேய்த்த மஞ்சள் சட்டையோடு நிற்கும் எனக்கு, முகூர்த்தம் தள்ளிக்கொண்டே போனதால் 'மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர் வந்தது. முன்பு நான் வேலை பார்த்த சின்னக் கப்பல்களில் வந்ததெல்லாம் ஹெலிகாப்டர். அது நேராக இறங்கும், இறங்கிய இடத்திலேயே நிற்கும். அதை வழிகாட்டிக் கொண்டுபோக நான் தேவையே இல்லை. இப்போது ஓய்வு பெறும் தேதியும் நெருங்கிவிட்டது. எங்களுக்குப் போட்ட தேதிகளிலேயே தள்ளிப் போகாத தேதி அது ஒன்றுதான். அதற்குள் ஒரே ஒரு நிஜ விமானத்தையாவது என் கையால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காலம் பூராவும் கார் நிறுத்துமிடத்தில் கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனவன் ஆகிவிடுவேன். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

"உன் அட்டவணையில எனக்கு ஒரு கட்டம் காலியா இருக்காடா?" என்று மச்சானைக் கேட்டேன். அவன் முதல்முறையாகத் தேதி எதுவும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஆனால் கப்பல் வந்துவிட்டது, விமானங்களின் இஞ்சினும் சரியாகிவிட்டது. நான் ஓய்வு பெறப்போகும் அதே வாரத்தில், நடுக்கடலில், முதல் விமானம் இறங்குவது முடிவாயிற்று. டிவியில் நேரடி ஒளிபரப்பு வேறு. கிளம்பும்போது மனைவி வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. சட்டைக் காலரை மட்டும் சரிசெய்தாள்.

விமானம் வந்தது. வால் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியிருந்த கம்பிவடத்தைக் கவ்வ, இழுபட்டு நின்றது. வடத்தை விடுவித்ததும் என்னிடம் வந்தது. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் உதறியது. கையைத் தூக்கினேன், அத்தனை பெரிய பொருள் என் கைக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

நேராகப் போனால் நிறுத்துமிடம். நடுவே துடைத்துவிட்ட மாதிரி வெறும் தளம். பாதி வழியில் என் கை தானாக இடப்பக்கம் போயிற்று. விமானம் பணிவாக வளைந்தது. நீலச் சட்டைக்காரர்கள் ஒருவர்கூட ஏன் என்று விழிக்கவில்லை. வலது நுனியில் நடந்தவன், இறக்கை இடித்துவிடாமல் வெறும் காற்றுக்கு முன்னால் கையை வேறு நீட்டிக்கொண்டான். ஒரு சுற்றுச் சுற்றி, பழைய பாதைக்கு வந்து, கோட்டின்மேல் கச்சிதமாக நிறுத்தினேன்.

காதுக் கருவியில் மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்த அதிகாரியின் குரல் வந்தது. "மஞ்சள், அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

"பின்ன எதைச் சுத்துனீங்க?"

நீலச் சட்டைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். விமானி இறங்கி வந்து, "எண்ணெய் எதுவும் கொட்டியிருந்துச்சாண்ணே?" என்று அக்கறையாகக் கேட்டார். "ஆமா, தொடச்சுட்டாங்க" என்றேன். என் மானம் கப்பலேறியதை நாடே நேரடி ஒளிபரப்பில் பார்த்துவிட்டது.

கரைக்கு வந்து வீட்டுக்குப் போனபோது படியேறவே கால் வரவில்லை. கதவைத் திறந்தவள் சிரிப்பாள் என்று தயாராகத்தான் நின்றேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"டிவியில பாத்தேன். மாமா ஏன் வளைஞ்சு போறாருன்னு தம்பி கேட்டான். அவனுக்கு என்ன தெரியும்?"

என் பையை வாங்கிக்கொண்டாள்.

"கம்பத்துல இடிக்காம கொண்டுபோயிட்டீங்க" என்றாள்.